இங்கிலாந்துப் பள்ளிச் சுற்றுலா: ஐந்து நாள் அட்டவணையில் எதை வைக்கலாம், எதை வெட்டலாம்

பள்ளிக் குழுக்களுக்கு ஏஜென்சிகள் விற்கும் ஐந்து நாள் இங்கிலாந்துச் சுற்றுலா பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும். முதல் நாள் வெஸ்ட்மின்ஸ்டர், பக்கிங்ஹாம் அரண்மனை. இரண்டாம் நாள் லண்டன் டவர், பிரிட்டிஷ் மியூசியம், கிரீனிச். மூன்றாம் நாள் விண்ட்சர் கோட்டை, ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம், பாத் நகரம். நான்காம் நாள் ஆக்ஸ்ஃபோர்டு, ஸ்ட்ராட்ஃபோர்டு. ஐந்தாம் நாள் யார்க், இல்லையென்றால் ஷாப்பிங். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை நாற்பது மாணவர்கள், நான்கு ஆசிரியர்கள், ஒரு கோச் (சுற்றுலாப் பேருந்து) என்பது வழக்கமான கணக்கு. பள்ளியின் பெயரில் கையெழுத்துப் போடப்போகும் ஆசிரியருக்காகவே இந்த மதிப்பீடு.

இடங்களின் தேர்வில் பெரிய குறை இல்லை. நேரக் கணக்கில்தான் கோளாறு. அட்டவணை போடுபவர் வரைபடத்தில் இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் பார்க்கிறார். நாற்பது பிள்ளைகள் கோச்சிலிருந்து இறங்கப் பத்து நிமிடம், கழிப்பறைக்குப் போய் வர இருபது நிமிடம், எண்ணி முடிக்க ஐந்து நிமிடம் என்பதெல்லாம் அவர் தாளில் இருப்பதில்லை. அதைவிட முக்கியமாக, ஓட்டுநரின் வேலை நேரச் சட்டமும் அந்தத் தாளில் இருப்பதில்லை.

முதலில் அந்தச் சட்டம். அங்கே சுற்றுலா கோச் ஓட்டுபவர் ஒரு நாளில் 9 மணி நேரம்தான் வண்டி ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம் வரை போகலாம். நாலரை மணி நேரம் ஓட்டியதும் 45 நிமிட ஓய்வு கட்டாயம். அதை முதலில் 15, பிறகு 30 நிமிடம் என்று இந்த வரிசையில் பிரித்துக்கொள்ளலாம். இரண்டு வேலை நாட்களுக்கு இடையே 11 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும். வார ஓய்வு வருவதற்குள் மூன்று முறை மட்டும் அதை 9 ஆகக் குறைக்கலாம். இத்தனையையும் வண்டியில் உள்ள டாக்கோகிராஃப் கருவி பதிந்துகொண்டே இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு "இன்னும் ஒரு சின்ன ரவுண்டு போகலாமா" என்று கேட்டு ஓட்டுநர் மறுத்தால், அவரிடம் கோபப்பட ஒன்றுமே இல்லை. மீறினால் அவருடைய உரிமத்துக்கே ஆபத்து.

இப்போது மூன்றாம் நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். லண்டனிலிருந்து ஸ்டோன்ஹெஞ்ச் சுமார் 140 கிலோமீட்டர். காலை நெரிசலில் நகரத்தை விட்டு வெளியேறுவதற்கே முக்கால் மணி நேரம் போய்விடும். எம்3 நெடுஞ்சாலை வழுக்கிக்கொண்டு போகும். அதன்பின் வரும் ஏ303 ஸ்டோன்ஹெஞ்ச் பக்கத்தில் ஒற்றை வழித்தடமாகச் சுருங்கிவிடுகிறது. அங்கே சுரங்கப் பாதை தோண்டும் திட்டத்தை 2024இல் கைவிட்டுவிட்டார்கள், அதனால் நெரிசல் தீர இப்போதைக்கு வழியில்லை. விடுமுறைக் காலத்தில் அந்தக் கடைசிச் சில மைல்களுக்கே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து பாத் நகரம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பாத்திலிருந்து எம்4 வழியாக லண்டன் திரும்ப மூன்று மணி நேரம்.

காலை 7க்குக் கிளம்பினால் 10க்கு ஸ்டோன்ஹெஞ்ச், 12.15க்குப் புறப்பாடு, 1.30க்கு பாத், 5க்குப் புறப்பாடு, இரவு 8க்கு லண்டன். ஓட்டுநர் வண்டியைச் சரிபார்க்க 6.30க்கே வந்திருப்பார், நிறுத்திவிட்டுப் போக 8.30 ஆகும். அவருக்கு அது 14 மணி நேர நாள். அதாவது குறைத்த ஓய்வு மூன்றில் ஒன்று அன்றே செலவாகிவிட்டது. இதில் விண்ட்சரையும் செருகினால் இரண்டு மணி நேரம் கூடும், சட்டம் இடம் கொடுக்காது. அப்போது எதையாவது வெட்ட வேண்டிவரும், வெட்டுப்படுவது பாத் நகரமாகத்தான் இருக்கும், ஏனென்றால் வரிசையில் கடைசியாக நிற்பது அதுதான். ஆகவே விண்ட்சரைக் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். அன்றிரவு நாடகம், படகுச் சவாரி என்று எதையும் போடாதீர்கள்.

வழியில் எம்3இல் உள்ள ஃப்ளீட் சர்வீஸஸில் இருபது நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். நெடுஞ்சாலை சர்வீஸ் நிலையங்களில் கழிப்பறை இலவசம், கோச் நிறுத்தத் தனி இடமும் உண்டு. அங்கே கடைக்குள் போக அனுமதித்தால் இருபது நிமிடம் நாற்பதாகிவிடும். கழிப்பறை மட்டும் என்று வண்டியிலேயே சொல்லிவிட்டு இறக்குங்கள்.

ஸ்டோன்ஹெஞ்ச் இந்தச் சுற்றுலாவிலேயே மிக நல்ல பாடம், ஆனால் ஆசிரியர் தயாராக வந்தால் மட்டும். தயாரில்லாமல் வந்தால் பிள்ளைகள் பத்து நிமிடம் படம் எடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவார்கள். இதை நடத்துவது இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு. பார்வையாளர் மையம் கற்களிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஷட்டில் பஸ்ஸில் போக வேண்டும். கோச் நேராகக் கற்கள் வரை போகும் என்று நினைத்து ஒரு மணி நேரம் மட்டும் ஒதுக்கும் அட்டவணைகள் இங்கேதான் சறுக்குகின்றன. இரண்டு மணி நேரத்துக்குக் குறைத்தால் போவதில் பொருளில்லை. மூடும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கடைசி அனுமதி முடிந்துவிடும். பள்ளிக் குழுக்களுக்குத் தனிப் பதிவு முறை உண்டு. சாதாரண குரூப் டிக்கெட் வாங்குவதற்கு முன் அதைக் கேட்டுப் பாருங்கள்.

கற்களுக்கு நடுவே போக முடியாது, கயிற்றுக்கு வெளியே சுற்றித்தான் வரலாம். அந்தச் சுற்றில் ஒன்றை மட்டும் தவறாமல் காட்டுங்கள். உள்வட்டத்தில் எல்லாவற்றையும்விட உயரமாக ஒரு கல் தனியே நிற்கும். அதன் தலையில் கொழுக்கட்டைபோல ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். அது தற்செயலாக அமைந்ததல்ல. தச்சர் நிலைக்கதவில் ஒரு சட்டத்தின் முளையை இன்னொன்றின் துளையில் இறக்குவாரே, அந்தப் பொருத்துதான். மேலே கிடந்த குறுக்குக்கல்லின் அடியில் துளை, நிற்கும் கல்லின் தலையில் முளை. ஜோடிக் கல் விழுந்ததால் குறுக்குக்கல்லும் விழுந்து, முளை மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கிறது. உலோகக் கருவிகள் புழக்கத்துக்கு வராத காலத்தில், கி.மு. 2500 வாக்கில், கல்லால் கல்லை இடித்து இழைத்து மர வேலையின் நுட்பத்தைக் கல்லில் செய்திருக்கிறார்கள். பத்து மாணவர்களுக்கு ஒரு பைனாகுலர் கொண்டுபோனால் இதை எல்லோருமே பார்க்கலாம்.

கற்கள் எங்கிருந்து வந்தன என்பதும் வகுப்பில் முன்கூட்டியே நடத்தத் தகுந்த பாடம். சார்சன் எனப்படும் பெரிய மணற்பாறைக் கற்கள் சராசரியாக 25 டன். அவற்றில் பெரும்பாலானவை வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள வெஸ்ட் வுட்ஸ் காட்டிலிருந்து வந்தவை என்று 2020இல் வேதியியல் ஆய்வு காட்டியது. சிறிய நீலக்கற்கள் வேல்ஸ் நாட்டின் பிரெசெலி மலையிலிருந்து, கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர் தாண்டி வந்தவை. நடுவே கிடக்கும் ஆறு டன் பலிபீடக் கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கைச் சேர்ந்தது என்று 2024இல் தெரியவந்தது. பத்து வருடப் பழைய கையேட்டை வைத்துப் பாடம் சொன்னால் இந்தக் கல்லை வேல்ஸ் என்றே சொல்லிவிடுவீர்கள். மையத்துக்கு வெளியே ஐந்து புதிய கற்கால வீடுகளைச் சுண்ணப்பாறைக் குழைவும் வைக்கோலும் கொண்டு கட்டி வைத்திருக்கிறார்கள். டரிங்டன் வால்ஸ் அகழாய்வில் கிடைத்த தரைகளை வைத்து அமைத்தவை. உள்ளே நுழைந்து உட்காரலாம். கற்களைத் தொட முடியாத ஏமாற்றம் அங்கே தீரும். மதியச் சாப்பாட்டை மட்டும் இங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். திறந்த சமவெளி, மே மாதத்திலும் காற்று அறையும். வண்டியிலேயே சாப்பிட ஓட்டுநரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.

பாத் நகரின் ரோமன் குளியலிடத்துக்கு முழு மதிப்பெண் தரலாம். நாளொன்றுக்கு சுமார் 11,70,000 லிட்டர் வெந்நீர், 46 டிகிரி செல்சியஸில், தானாக ஊறி வருகிறது. பெரிய குளத்தின் அடித்தளத்தில் ரோமானியர் விரித்த ஈயத் தகடு இன்றும் இருக்கிறது. வழிந்தோடும் வாய்க்கால் பக்கம் பிள்ளைகளை நிறுத்துங்கள்: வளைவின் கீழே ஆவி பறக்க நீர் ஓடும், ஓடும் பாதையெல்லாம் இரும்புச் சத்தின் காவி படிந்திருக்கும். பதின்ம வயதினரைக் கட்டிப்போடுவது சாபத் தகடுகள்தான். திருட்டுக் கொடுத்தவர்கள் ஈயத் தகட்டில் புகாரைக் கீறிச் சுருட்டி, சூலிஸ் மினர்வா தேவியின் ஊற்றில் போட்டிருக்கிறார்கள். சுமார் 130 தகடுகள் கிடைத்துள்ளன. டோசிமெடிஸ் என்ற ஒருவர் இரண்டு கையுறைகளைப் பறிகொடுத்துவிட்டு, எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்று வேண்டியிருக்கிறார். மிளகாய் அரைத்துப் பூசி முறையிடும் வழக்கத்தைக் கேள்விப்பட்ட நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஆடியோ கைடு உண்டு, சிறுவர்களுக்கென ஆங்கிலத்தில் தனிப் பதிவும் இருக்கிறது. குளத்து நீரைத் தொடக்கூடாது, அது சுத்திகரிக்காத நீர். பச்சை நிறம் பாசியால் வந்தது. இரண்டு மணி நேரம் போதும். கோச் நகருக்குள் இறக்கிவிட்டு உடனே நகர்ந்துவிடும் என்பதால், திரும்ப ஏறும் இடத்தையும் நேரத்தையும் இறங்கும்போதே எல்லோரும் எழுதிக்கொள்ள வேண்டும்.

லண்டனுக்கு வருவோம். பக்கிங்ஹாம் அரண்மனைக் காவலர் மாற்றத்தை வெட்டிவிடலாம். கம்பி வேலியருகே இடம் பிடிக்க ஒரு மணி நேரம் முன்பே நிற்க வேண்டும். பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்குத் தொப்பி நுனிதான் தெரியும், கூட்டத்தில் எண்ணிக்கை எடுப்பதும் பெரும்பாடு. எல்லா நாளும் நடப்பதும் இல்லை. அதற்குப் பதிலாக ஹார்ஸ் கார்ட்ஸ் திடலுக்குப் போங்கள். வார நாட்களில் காலை 11, ஞாயிறு 10 மணிக்குக் குதிரைப் படைக் காவல் மாறும். வேலி கிடையாது, நாற்பது பேரும் முன்வரிசையில் நின்று பார்க்கலாம்.

லண்டன் டவரில் திறந்த முதல் மணி நேரத்திலேயே மணிமகுட மாளிகைக்குப் போய்விட வேண்டும், பதினொன்றுக்கு மேல் வரிசை நீண்டுவிடும். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. நகரும் நடைபாதை மகுடங்களைக் கடந்து உங்களை இழுத்துக்கொண்டே போகும், ஆனால் திரும்பி வந்து இன்னொரு முறை ஏறலாம். பலருக்கு இது தெரிவதில்லை. கோஹினூர் 1937இல் செய்த ராணி அன்னையின் மகுடத்தில் இருக்கிறது, 105.6 காரட். யோமன் வார்டர்கள் எனப்படும் கோட்டைக் காவலர்கள் நடத்தும் சுற்றுக்குத் தனிக் கட்டணம் இல்லை, சுமார் ஒரு மணி நேரம் ஆகும். அவர்களுடைய ஆங்கிலம் வேகமானது, பழைய நகைச்சுவை நிறைந்தது. மாணவர்களுக்குப் பிடிபடாமல் போனால் ஆசிரியர் பின்னால் நின்று சுருக்கிச் சொல்ல வேண்டும்.

பிரிட்டிஷ் மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் குழுவாகப் போவதற்கு முன்பதிவு வேண்டும். சக்கரம் வைத்த பெட்டிகளை உள்ளே விடமாட்டார்கள், ஆகவே விமான நிலையத்துக்குப் போகும் வழியில் இதை வைத்துக்கொள்ளவே கூடாது. வெள்ளிக்கிழமைகளில் இரவு 8.30 வரை திறந்திருக்கும். மாலை ஐந்துக்கு மேல் கூட்டம் வடிந்து, ரொசெட்டா கல்லைச் சுற்றி நின்று பேச இடம் கிடைக்கும். அங்கிருந்து அறை 33க்கும் 33ஏக்கும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். முதல் அறையில் சோழர் கால நடராசர் செப்புத்திருமேனி. அடுத்ததில் அமராவதி ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள். 1840களில் வால்டர் எலியட் தோண்டி எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பி, அங்கிருந்து கப்பலேறியவை இவை. அதே ஸ்தூபியின் வேறு சிற்பங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிளம்புவதற்கு முன் மாணவர்களுக்கு எழும்பூரைக் காட்டிவிட்டு இங்கே அழைத்து வந்தால், ஒரு பொருள் யாருடையது என்ற விவாதத்தை நீங்கள் தொடங்கவே வேண்டாம், அவர்களே தொடங்குவார்கள்.

கிரீனிச் போகிறீர்கள் என்றால் மதியம் 12.50க்குள் குன்றின் மேல் இருங்கள். வானாய்வகக் கூரையில் சிவப்பு உருண்டை 12.55க்குப் பாதிக் கம்பம் ஏறும், 12.58க்கு உச்சிக்குப் போகும், சரியாக ஒரு மணிக்கு விழும். தேம்ஸில் நின்ற கப்பல்கள் கடிகாரத்தைச் சரிசெய்ய 1833இல் தொடங்கிய ஏற்பாடு. இதைப் பூங்காவிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். உள்ளே சுழியத் தீர்க்கரேகைக் கோட்டில் நின்று கைபேசி ஜிபிஎஸ்ஸைப் பார்த்தால் சுழியம் காட்டாது. ஜிபிஎஸ் பயன்படுத்தும் சுழியக் கோடு கிழக்கே சுமார் 102 மீட்டர் தள்ளிப் போகிறது. புவியியல் ஆசிரியர் இந்த இடத்தைத் தவறவிடக்கூடாது.

லண்டனுக்குள் கோச் வேண்டாம், டியூப் ரயிலே மேல். 11 முதல் 15 வயது வரையுள்ளவர்களின் ஆய்ஸ்டர் என்ற பயணக் கட்டண அட்டையில் 'யங் விசிட்டர்' சலுகையை நிலைய ஊழியர் ஏற்றித் தருவார். 14 நாளுக்குப் பெரியவர் கட்டணத்தில் பாதிதான். ஒரு பெரியவருக்கு நான்கு பிள்ளைகள் வரைதான் என்பதால் நாற்பது பேர் குழு இதை நம்பி இருக்க முடியாது. பத்துப் பேருக்கு மேல் இருந்தால் குரூப் டே டிராவல்கார்டு என்ற குழு ஒருநாள் பயணச் சீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பஸ்ஸில் ரொக்கம் வாங்கமாட்டார்கள். நாற்பது பேரையும் ஒரே கதவில் ஏற்றாதீர்கள். பத்துப் பத்தாகப் பிரித்து குழுவுக்கொரு கதவு. விதி ஒன்று எல்லோருக்கும் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும்: ரயிலைத் தவறவிட்டவர் அதே மேடையில் நிற்க வேண்டும், ரயிலில் தனியாகப் போய்விட்டவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். இருவருமே தேடிக் கிளம்பினால்தான் பிள்ளை தொலையும்.

நான்காம் நாளில் ஆக்ஸ்ஃபோர்டும் ஸ்ட்ராட்ஃபோர்டும் ஒரே பாதையில் இருப்பதால் சேர்த்துப் போகலாம். ஆக்ஸ்ஃபோர்டில் கல்லூரிகளுக்குள் நுழையும் கட்டணத்தை மிச்சப்படுத்தி, பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போங்கள். இலவசம். அழிந்துபோன டோடோ பறவையின் எச்சம் அங்கே இருக்கிறது. ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு சிறியது, அறைக்கு அறை பத்துப் பேருக்கு மேல் நின்றால் நகர முடியாது. குழுவைப் பிரித்து, ஒரு பாதி வீட்டுக்குள், மறுபாதி ஏவன் ஆற்றங்கரையில் அவருடைய கல்லறை உள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் என்று மாற்றி மாற்றி அனுப்புங்கள்.

ஐந்தாம் நாள் யார்க் வேண்டவே வேண்டாம். போக நான்கு மணி நேரத்துக்கு மேல், திரும்ப அதே அளவு. 9 மணி நேர வரம்பு சாலையிலேயே தீர்ந்துவிடும். அந்த நாளைத் தென் கென்சிங்டனுக்குக் கொடுங்கள். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் 25 மீட்டர் நீலத் திமிங்கிலமும் அறிவியல் அருங்காட்சியகமும் பக்கத்துப் பக்கத்தில், இரண்டும் இலவசம். மாலை, தமிழர் கடைகள் நிறைந்த கிழக்கு லண்டன் பகுதியான ஈஸ்ட் ஹாம். நான்கு நாளாகக் குளிர்ந்த சாண்ட்விச்சையும் சிப்ஸையும் கட்டுச்சோறாகத் தின்ற பிள்ளைகளுக்கு அங்கே ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் சூடாகத் தோசை கிடைக்கும். நாற்பது பேருக்கு முதல் நாளே சொல்லிவைத்து, மெனுவையும் மூன்று வகைக்குள் முடித்துவிடுங்கள்.

ஆசிரியர் எண்ணிக்கை நான்கு என்பது போதாது. பிரிட்டனின் என்எஸ்பிசிசி குழந்தைகள் நல அமைப்பு 13 முதல் 18 வயதுக்குப் பத்துப் பேருக்கு ஒரு பெரியவர் என்கிறது. நாற்பதுக்கு நான்கு சரிதானே என்று தோன்றும். ஒரு மாணவிக்குக் காய்ச்சல் வந்து ஓர் ஆசிரியை அவளோடு தங்கிவிட்டால் மீதி மூன்று பேர்தான். ஐந்தாவது ஆளின் செலவைக் குறைக்காதீர்கள். மருத்துவமனை அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, படுக்கையில் சேர்த்தால் கட்டணம் உண்டு. காப்பீட்டில் அதைப் பார்த்து வாங்குங்கள்.

விசாவில் ஒரு நுணுக்கம் பல பள்ளிகளுக்குத் தெரிவதில்லை. இந்திய, இலங்கை மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் தனி விசா வேண்டும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பொதுவாக மூன்று வாரத்தில் முடிவு வரும். பெரியவரோடு வரும் பிள்ளை என்று விண்ணப்பித்தால், உடன் வரும் ஒருவரோ இருவரோ யார் என்பது விசாவிலேயே பதிவாகும். கடைசி வாரத்தில் அந்த ஆசிரியரால் வர முடியாமல் போய், வேறொருவர் அழைத்துச் சென்றால் எல்லையில் பிள்ளையை நிறுத்தலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு ஆசிரியர்களின் பெயரையும் கொடுத்துவிடுங்கள், இருவரும் ஒரே விடுப்பில் சிக்காதவர்களாக இருக்கட்டும். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசா வேண்டாம். 2025 ஜனவரியிலிருந்து இடிஏ மின் அனுமதி மட்டும் வாங்க வேண்டும்.

நாள் குறிக்கும்போது மே மாதக் கடைசி வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு அப்போது இடைப்பருவ விடுமுறை, எல்லா இடமும் குடும்பங்களால் நிரம்பியிருக்கும். மே இரண்டாம், மூன்றாம் வாரம் நல்லது. இரவு எட்டரைக்கு மேலும் வெளிச்சம் இருக்கும்.

ஏஜென்சியிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் ஓட்டுநரின் பணி தொடங்கும் நேரமும் முடியும் நேரமும். ஒவ்வொரு இடத்திலும் நாற்பது பேர் கூரைக்குக் கீழ் உட்கார்ந்து சாப்பிட எங்கே பதிவு செய்திருக்கிறார்கள் என்ற விவரம். ஒரு மாணவனுக்கு மட்டும் விசா மறுக்கப்பட்டால் அவன் பங்குப் பணத்தில் எவ்வளவு திரும்பும் என்ற கணக்கு. முதல் கேள்விக்கு "அதெல்லாம் அங்கே பார்த்துக்கொள்வார்கள்" என்று பதில் வந்தால், அந்த அட்டவணையை யாரும் மணிக்கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. வேறு ஏஜென்சியிடம் போங்கள்.